தொட்டுப் பார்க்க ஒரு பிளாட்பாரம்

சாலமன் என் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டச் சொல்லி, சாப்பாட்டு மேசையின் மேல் எதன் மீதோ வைத்தார்.

"சொல்லு, என்ன இது?"

வழவழப்பாக இருந்தது. இடமிருந்து வலமாக விரலை ஓட்டினேன். வழவழப்பு. வலமிருந்து இடமாக ஓட்டினேன். அதே வழவழப்பு. புது பெயின்ட் வாசனை வேறு.

"அலமாரித் தட்டு," என்றேன்.

என் கணவருக்கு மனம் நொந்தால் முதலில் மூக்கால் ஒரு பெருமூச்சு வரும், பிறகு நாற்காலி பின்னால் நகரும். இரண்டும் கேட்டன.

"பிளாட்பாரம், கிரேஸ். நம்ம ஸ்டேஷன் பிளாட்பாரம். ஆறு வாரமா ஒக்காந்து பண்ணியிருக்கேன்."

அதில் என்னென்ன இருக்கிறது என்று அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். சாம்பல் நிற கிரானைட் பலகைகள், பலகைக்குப் பலகை நடுவே மெல்லிய கறுப்புக் கோடு, ஓரத்தில் மஞ்சள் பட்டை, தூண் அடியில் வெற்றிலை எச்சில் கறை, மாலை நேரத்து நிழல்கூட. எல்லாம் தூரிகையால் வரைந்தது. கண் தெரியாத மனைவிக்கு வழி காட்டுவதற்காக, கண்ணால் மட்டுமே பார்க்கக்கூடிய ஒரு பிளாட்பாரத்தைக் கட்டிய மனிதர் சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது?

ஜூன் மாதத்துக்குள்

இந்தத் தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கிண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. கண்ணில் நீர் அழுத்தம் கூடி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போயிற்று. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வேன். அவ்வளவுதான்.

நீண்ட விடுப்பில் இருந்தேன். அது முடியப் போகும் சமயத்தில் தலைமையாசிரியை போன் செய்தார். "டீச்சர், பாடமெல்லாம் உங்க மனசுல இருக்கு, கண்ணுல இல்ல. ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது வந்துடுங்க. ஆனா தனியா வந்து போக முடியும்னு நீங்களே என்கிட்ட சொல்லணும். எனக்கு அந்த ஒரு பயம்தான்."

அதைக் கேட்டதும் சாலமன், ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்று என்பதுபோலச் சொன்னார்: "நான் வேலைய விட்டுடறேன். தெனமும் நானே கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வரேன்."

அவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருக்கிறார். என் பள்ளி வடக்கே, அவர் தொழிற்சாலை தெற்கே. ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. அந்த வேலையின் மீது அவருக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும்.

"நீங்க வேலைய விட்டா நான் வேலைக்கே போக மாட்டேன்," என்றேன். அவர் பிடிவாதக்காரர். நான் அவரைவிடப் பெரிய பிடிவாதக்காரி. ஆக, ஜூனுக்குள் நான் தனியாக ரயில் ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இருவரில் ஒருவர் வீட்டில் உட்கார வேண்டும் என்று ஆயிற்று.

தெருவில் பயமில்லை. கோல் பிடித்து நடக்க ஒரு மையத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆட்டோ, நாய், பள்ளம் எல்லாம் பழகிவிட்டது. பயமெல்லாம் பிளாட்பாரத்தில்தான். எங்கள் ஸ்டேஷனில் பிளாட்பாரம் நட்டநடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் வடக்கே போகும் சென்னை பீச் வண்டி, மறுபக்கம் தெற்கே போகும் செங்கல்பட்டு வண்டி. படிக்கட்டு இறங்கியதும் இரண்டு பக்கமும் பள்ளம். நேராக நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஓரத்துக்குப் போய்விடலாம்.

அதனால்தான் அந்த மாதிரிப் பிளாட்பாரம். விரலால் அந்த இடத்தை மனப்பாடம் செய்துகொண்டால் கால் தானாகப் போகும் என்பது அவர் கணக்கு. யோசனை நல்ல யோசனை. பொருள்தான் தப்பு.

மாவு சல்லடை

இவருக்கு இந்தக் குட்டி ரயில் செய்யும் கிறுக்கு கல்யாணத்துக்கு முன்பே உண்டு. என் வீட்டார் அதை மறைத்தார்களா, அவர் வீட்டார் மறைத்தார்களா என்று இன்னும் முடிவாகவில்லை.

கல்யாணமான புதிதில் கோவளத்துக்கு பஸ்ஸில் போனோம். படகுகள் கரை ஏறியிருந்தன. மீன் ஏலம் முடிகிற நேரம். நல்ல வஞ்சிரம் வாங்கித் தருவார் என்று நான் கூடையோடு நிற்கிறேன். இவர் அலை ஓரமாகக் குனிந்து மணலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்க்கிறார். கடைசியில் என் கூடையில் மீன் ஏறவில்லை, மணல் ஏறியது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிக்கல் கொட்டியிருக்குமே, அதற்கு இந்தப் பருமன் சரியாக வருமாம்.

அதோடு விட்டாரா? மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது என் மாவு சல்லடையில் அந்த மணலைச் சலித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்கச் சப்பாத்தியில் பல்லுக்குக் கடிபட்டது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் ஒரு வார்த்தை பேசாமல் மென்று விழுங்கினார்.

மாடி அறையில் அவருடைய குட்டி ரயில்வே இருக்கிறது. உடைந்த குடைக்கம்பி அங்கே தூணாக நிற்கும், பிஸ்கட் டப்பாவின் தகரம் டீக்கடையாக மாறும். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம், எண்பத்தேழில் ஒரு பங்கு. நிஜத்தில் எண்பத்தேழு அடி என்றால் அங்கே ஒரு அடி. ஒருமுறை கிறிஸ்துமஸ் குடிலில் மீந்த ஆட்டுக்குட்டி ஒன்றை அவருடைய பிளாட்பாரத்தில் நிறுத்தினேன், அழகாக இருக்கட்டுமே என்று. "கிரேஸ், இந்த ஸ்கேலுக்கு அது ஆடு இல்ல, யானையவிடப் பெருசு," என்று ஒரு மணி நேரம் வருத்தப்பட்டார்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் அளவை மாற்றச் சொன்னேன்.

விரலின் அளவு

ஸ்டேஷன் ஓரங்களில் மஞ்சள் ஓடு பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் சிலவற்றில் நீளக் கோடுகள், சிலவற்றில் உருண்டைப் புள்ளிகள். பார்வை உள்ளவர்களுக்கு அது அலங்காரம். எங்களுக்கு அதுதான் பேச்சு. கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில்.

"அந்தப் புள்ளி என் கைக்குத் தெரியணும்," என்றேன்.

"ஸ்கேல்படி அந்தப் புள்ளி கடுகுல பாதிகூட வராதே."

"பெருசா பண்ணுங்க."

"ஸ்கேல் போயிடும்."

"உங்க ஸ்கேல் கண்ணுக்கு. நான் விரலுக்குக் கேக்கறேன்."

இரண்டு நாள் மாடியிலிருந்து இறங்கவே மனமில்லாமல் இருந்தார். மூன்றாம் நாள் மேசை நீளத்துக்கு ஒரு மரத்தூள் பலகை வந்து இறங்கியது. படிக்கட்டிலிருந்து மகளிர் பெட்டி நிற்கும் இடம் வரைக்கும்தான் எனக்கு வேண்டும். அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, புள்ளியை இன்னும் பெரிதாக்கி, அளவெல்லாம் குளறுபடியாக ஒரு பிளாட்பாரம். எனக்காக அவர் விட்டுக்கொடுத்தவற்றில் அது சிறியது இல்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ஒரு தட்டில் பொருள்களை அடுக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். நான் தொட்டுச் சொல்ல வேண்டும். தெர்மாகோலைத் தொட்டதும் பல் கூசியது, வேண்டாம். சன்போர்டு என்று ஒரு அட்டை, அதில் ஒன்றுமே தெரியவில்லை. தக்கைப் பலகை இதமாக வெதுவெதுப்பாக இருந்தது. "பிளாட்பாரம் என்னிக்கு இதமா இருந்திருக்கு?" என்று அதையும் தள்ளினேன். படிக்கட்டு இறங்குமிடத்துச் சிமென்ட் தரைக்கு உப்புத்தாள் சரியாக இருந்தது. அதிலும் நம்பர் உண்டு, நான்கு நம்பர் தடவிப் பார்த்து மிகவும் சொரசொரப்பானதை எடுத்தோம்.

கூரையை அவர் ஆசையாகச் செய்து ஒட்டியிருந்தார். என் கை உள்ளே நுழையவில்லை. "கூரை எனக்கு எதுக்கு? தூண் இருந்தா போதும்," என்றேன். பிய்த்து எடுத்தார். தூண்கள் மட்டும் நின்றன, குடைக்கம்பியில். படிக்கட்டிலிருந்து எண்ணினால் ஏழாவது தூணுக்கு நேரே மகளிர் பெட்டி.

புள்ளிகளுக்கு என் அடுக்களையில் கை வைத்தார். கடுகு சிறிது, துவரம்பருப்பு தட்டை, ஜவ்வரிசி கச்சிதம். வரிசையாக ஒட்டி முடித்த அன்று விரல் வைத்ததும் உடனே சொன்னேன், "புள்ளி. நில்." இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் விரல் வைத்தால் பாதிப் புள்ளிகளைக் காணோம். மீதியின் மேல் ஏதோ ஊர்ந்து என் மணிக்கட்டு வரை ஏறியது.

"எறும்பு," என்றார் சாலமன். "வரிசையா கியூவுல நிக்குது. நம்ம ஊர் ஜனங்களவிட ஒழுங்கு."

பிறகு ஃபேன்சி ஸ்டோரில் பிளவுஸில் தைக்கிற அரை முத்துகள் வாங்கி வந்தோம். எறும்புக்கு அதில் அக்கறையில்லை.

எலி வீட்டு டைல்ஸ்

கடைசியாக மீந்தது பிளாட்பாரத்தின் தளமும் ஓரமும். அதற்கு நிஜக் கல்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். கல்லின் குளிர்ச்சி வேறு எதிலும் இல்லை. தாம்பரம் மெயின் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனோம்.

விற்பனைக்கு நின்றவர் உற்சாகமாக வந்தார். "வாங்க சார், எத்தினி ஸ்கொயர் ஃபீட் வேணும்?"

"ஒரு நாலடிக்கு ஒரு சாண்," என்றார் என் கணவர்.

"இன்னா சார், எலி வூட்டுக்கா டைல்ஸ் போட்றீங்க?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சாலமனுக்குக் கோபம் வந்து, பெரிய விளக்கமாகப் பிளாட்பாரக் கதையைச் சொன்னார். அந்த ஆள் பேசாமல் கேட்டார். பிறகு என் பக்கம் வந்த குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "அக்கா, பின்னாடி வெட்டுன பீஸ்ங்க நெறயா கீது. வாங்க, தொட்டுப் பாத்து எட்த்துக்கோங்க."

கடையின் பின்புறம் கல் தூசி வாசனை. அவர் ஒவ்வொரு துண்டாகக் கையில் கொடுத்தார். சாலமன் பழக்கதோஷத்தில், "இது ஸ்டீல் கிரே, இதுல கறுப்புப் பொட்டு," என்று நிறம் சொல்லிக்கொண்டே வந்தார். "சார், அக்காவே சொல்லட்டும் சார், நீங்க கொஞ்சம் கம்முனு இருங்க," என்றார் கடைக்காரர். முப்பது வருடத்தில் என்னால் சொல்ல முடியாததை அந்த மனிதர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

நீளமான ஒரு துண்டு கிடைத்தது. மேலே வழவழப்பு, வெட்டிய ஓரம் கூராக இருந்தது. ஓரத்தில் விரல் வழுக்கிச் சட்டென்று வெறும் காற்றில் விழுந்தது. இதுதான், இதுவே வேண்டும் என்று நினைத்தேன்.

"ஓரம் கையக் கிழிச்சிரும்க்கா. ரெண்டு நிமிசத்துல மழுக்கித் தரேன்," என்றார் கடைக்காரர்.

"வேணாம் தம்பி. அப்படியே இருக்கட்டும்."

சாலமன் என் விரலைச் சட்டென்று ஓரத்திலிருந்து நகர்த்தினார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு விரல்

மே மாதம் முழுவதும் பாடம் நடந்தது. காலையில் காபிக்கு முன்பு ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். உப்புத்தாள், படி முடிந்தது. ஐஸ்கிரீம் குச்சிக் கோடு, நட. தூண் ஒன்று, இரண்டு, மூன்று. தகரம் ஜில்லென்றால் டீக்கடை, விலகு. தூண் ஏழு, வலப்பக்கம் திரும்பு. முத்து, நில். அதற்கு அப்பால் கல்லின் ஓரம், அதற்குக் கீழே கோவளத்து மணல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நிஜ ஸ்டேஷனுக்குப் போய்க் காலால் சரிபார்ப்போம். அவர் என் முழங்கையைப் பிடித்தபடியே வருவார். விடுங்கள் என்றால் விட்டுவிட்டு, நான்கு அடி போனதும் மறுபடியும் பிடிப்பார்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மேசை முன்னால் உட்கார்ந்தேன். அவர் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது தூண். வலது. முத்து. இன்னும் கொஞ்சம் தள்ளி ஓரத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். விரல் விழவில்லை. எதன் மீதோ முட்டி நின்றது.

தடவிப் பார்த்தேன். மெல்லிய மரக்குச்சிகளை நெருக்கமாக நட்டு, மேலே ஒரு குச்சியைப் படுக்க வைத்து ஒட்டியிருந்தது. வேலி. மறுபக்கம் தடவினேன். அங்கேயும் வேலி. படிக்கட்டிலிருந்து கடைசி வரை, இரண்டு ஓரத்திலும்.

"என்னங்க, இங்க வாங்க. இது நம்ம ஸ்டேஷன்ல இருக்கா?"

டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. "இல்ல."

"பின்ன இது இங்க எதுக்கு?"

"நீ விரல அந்த ஓரத்துக்குக் கொண்டுவரும்போதெல்லாம் நான் மூஞ்சியத் திருப்பிக்கறேன், கிரேஸ். ஒரு விரல் கீழ விழறதயே என்னால பாக்க முடியல. மத்தியானம் நீ தூங்கறப்ப வச்சேன்."

ஆட்டுக்குட்டி அளவு தப்பு என்று ஒரு மணி நேரம் வாதாடிய மனிதர், இல்லாத வேலியைக் கட்டியிருக்கிறார். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் பொங்கியது, அதே அளவு கோபமும் வந்தது. இந்த வேலியை நம்பி என் விரல் பழகியிருந்தால் திங்கட்கிழமை என் கால் எங்கே போயிருக்கும்? அது அவருக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் கை கேட்கவில்லை.

நான் வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்து வரச் சொன்னேன். பீச் பக்கத்துக் குச்சிகளை நானே நெம்பி எடுத்தேன்.

"செங்கல்பட்டு பக்கம் உங்களோடது," என்று கத்தியை அவரிடம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு குச்சியும் பெயரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டார். டீ ஆறிப்போனது. கடைசிக் குச்சி வந்ததும் என் விரலைப் பிடித்து அவரே ஓரத்துக்குக் கொண்டுபோனார். விரல் விழுந்தது. அவர் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

தெற்கும் வடக்கும்

திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்தே படி இறங்கினோம். எப்படியும் அவருக்கும் அதே பிளாட்பாரம்தானே. ஏழாவது தூணுக்கு நான்தான் எண்ணிக்கொண்டு போனேன்.

செங்கல்பட்டு வண்டி முதலில் வந்துவிட்டது. எனக்கு முதுகுப் பக்கம் வந்து நின்று மூச்சு விட்டது.

"நான் அடுத்த வண்டில போறேன்," என்றார்.

"ஏறுங்க."

"பத்து நிமிஷம்தான் கிரேஸ், ஒண்ணும் ஆகாது."

"நீங்க பக்கத்துல இருந்தா நான் எதையும் கவனிக்க மாட்டேன். ஏறுங்க."

என் முழங்கையிலிருந்து அவர் விரல்கள் விலகின. நான் திரும்பவில்லை. திரும்பினால் திசை மாறிவிடும். வண்டி கிளம்பியது, சத்தம் கனத்தது, தேய்ந்தது. அவர் ஏறினாரா, ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

போன் அடித்தது.

"ஏறிட்டேன்," என்றார். பின்னால் ரயில் ஓடும் சத்தம். "உன் வண்டி?"

"இன்னும் வரல."

"கட் பண்ணாத. பேசிட்டே இரு."

"கட் பண்றேங்க. எனக்குக் காது வேணும்."

போனைப் பையில் போட்டுவிட்டு நின்றேன். அந்த நிமிடம் எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. செருப்புக்கு அடியில் புள்ளிகள் இருந்தன. ஒன்றரை அடி தள்ளி, வேலி ஏதும் இல்லாமல், ஓரம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பீச் வண்டி வந்தது. முகத்தில் காற்று அடித்து, பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து, நின்றது. பெண்களின் பேச்சுச் சத்தம் நேர் எதிரே கேட்டது. கோலை நீட்டி இடைவெளியைத் தொட்டேன், கம்பியைப் பிடித்தேன், ஏறினேன். யாரோ ஒரு பெண், "இங்க ஒக்காருங்கக்கா," என்று இடம் கொடுத்தார்.

உட்கார்ந்ததும் போனை எடுத்தேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை.

"நானும் ஏறிட்டேன்," என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு காதில் அவர் ரயில் தெற்கே ஓடியது, மறு காதில் என் ரயில் வடக்கே ஓடியது. அடுத்த ஸ்டேஷன் வரும்வரை இருவரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தோம்.